மேல்தண்ணீர்

புதுவயலில் காற்று திரும்பினால்
எங்கள் குளத்துக்குத்தான் முதலில் தெரியும்.
எட்டடிக்கு ஐந்தடி, இடுப்பளவு ஆழம்.
கொல்லையில் முருங்கைக்கும் துவைகல்லுக்கும் நடுவே
கக்கூஸ் கட்டி மிஞ்சிய சிமெண்டில் எழுப்பியது.
இப்போது ஆறு கோய் மீன்.
ஒன்றுக்குப் பாதி வால்.

மேற்கே மூன்று அரிசி மில்.
உமி எரிந்த கரி ராத்திரி முழுக்கப் பறந்து
இங்கே வந்து படுத்துக்கொள்ளும்.
விடிந்து பார்த்தால் தண்ணீர்
எண்ணெய் தடவின தோசைக்கல்.
உள்ளே உயிர் இருக்கிறதா என்று
பொரியைத் தூவித்தான் கேட்கவேண்டும்.

முதல் வருஷம் கொசுவலையால் அள்ளினேன்.
வலை வருவதற்கு முன்பே கரி நகர்ந்துவிடும்,
கைமாற்றுக் கேட்டுப் போனால்
எழுந்து உள்ளே போகிறவர்கள் மாதிரி.

வடிகட்டி இல்லாமலில்லை.
இருபது லிட்டர் பெயிண்ட் வாளி,
பாத்திரம் தேய்க்கிற நைலான் நார்,
அடியில் ஆத்தங்குடிக் கல் உடைசல்.
பூப்போட்ட துண்டுகள், சும்மா கிடந்ததே என்று போட்டேன்.
பத்து நாளில் இரண்டு மீன் மிதந்தன.
"அதுவும் சிமெண்டுதானே" என்றார்
மோட்டாருக்குக் காயில் கட்டுகிற சூசை.
குளத்துக்கு வாழைத்தண்டு ஊறப்போட்டு
ஒரு மாதம் காரம் எடுத்தவள்
கல்லுக்கு அதை மறந்திருந்தேன்.
உடைசலை வாரி எறிந்துவிட்டு
செம்புறாங்கல்லைத் தட்டிப் போட்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள்
நைலான் நாரைக் குழாயடியில் பிடித்து
வெள்ளைவெளேரென்று கழுவினேன்.
வீட்டையே கழுவினேன், அதையும் கழுவினேன்.
இரண்டு நாள் போனது.
மீன்களெல்லாம் மேலே வந்து
கரிக்கு நடுவே வாயைத் திறந்து திறந்து
எதையோ சொல்லப் பார்த்தன.
நான் அழுக்கென்று தேய்த்தெடுத்த
அந்த வழுவழுப்பில்தான்
அழுக்கைத் தின்கிறவை குடியிருந்தனவாம்.
இப்போது குளத்துத் தண்ணீரிலேயே அலசுகிறேன்,
பாதியை விட்டுவைத்து.

இத்தனைக்குப் பிறகும் மேலே கறுப்பு.
அடியில் உறிஞ்சுகிற பம்புக்கு
மேலே மிதப்பது தெரியாது.
மில் ஆபீசில் கூலி எழுதுகிறவள் நான்,
இதைக் கண்டுபிடிக்க
இரண்டு வருஷம் ஆகியிருக்கக் கூடாது.

நாலங்குலக் குழாயில் ஒரு சாண் அறுத்து
விளிம்பு தண்ணீருக்கு நகக்கண் அளவு கீழே நிற்க
செங்குத்தாக நட்டேன்.
மேல்தோல் மட்டும் சறுக்கி
உள்ளே விழுந்தது.
ஒரு மாசி மாதம் முழுக்க எனக்குச் சந்தோஷம்.
பங்குனி வெயில் இரண்டு விரல் தண்ணீரைக் குடித்தது.
குழாய் வாய் வெளியே நிற்க
பம்பு காற்றை விழுங்கி அலறியது,
நடுச்சாமத்தில், மொத்தத் தெருவும் கேட்க.

இருளப்பன் பாய்லருக்கு உமி தள்ளுகிறவர்.
என் வீட்டுக்காரர்.
"மூடிட்டு மல்லி வையி" என்று
நாலு தடவை சொல்லியிருக்கிறார்.
ஐந்தாவது தடவை ஒன்றும் சொல்லவில்லை.
நைட் டூட்டி முடித்து வந்த காலையில்
தேய்ந்த செருப்பு ஜோடியை வளையமாக அறுத்து
தளர்வான ஒரு குழாய் வாயில் கோத்துக் கட்டினார்.
தண்ணீர் இறங்கினால் வாயும் இறங்கியது,
ஏறினால் ஏறியது.
அடுத்த வாரம், மில்லில் கழித்துப் போட்ட
நொய்ச் சல்லடையில் ஒரு கூடை.

பம்புத் தண்ணீர் திரும்பி விழுவதைச்
சுவரோரமாகச் சாய்த்துவிட்டேன்.
கரி இப்போது தானாகவே
தேர் மாதிரி நான்கு மூலையும் சுற்றி
வாயருகே வந்து கொஞ்சம் தயங்கி
களக் என்று போகிறது.

இன்றைக்குக் கூடையில்
முருங்கைப்பூ, ஈசல் இறகு,
ஒரு பிடி கரிச்சேறு,
எரியாமல் தப்பி வந்த ஒற்றை நெல்.
தூரில் கொட்டும்போது அவர் வந்தார்.
தலைமுடியெல்லாம் கரி.
குளத்தோரம் உட்கார்ந்து கையை அலம்பினார்.
"மில்லையே கொண்டாந்து கரைக்கிறீங்க."
"அதுக்குத்தான வாய் வச்சிருக்க."

தெளிந்துவிட்டதென்று சொல்லமாட்டேன்.
பாதி வால்காரி அடியில் திரும்புவது தெரிகிறது,
அவ்வளவுதான்.
சங்கு ஊதிவிட்டது.
பம்பு ஓடட்டும்,
நான் புடவை மாற்றவேண்டும்.